வெளியார் கருவி

உமையாள் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளைத்தான் பழிவாங்கினாள். அதையும் அவனுக்கு ஆதரவாக ஒரு கடிதம் எழுதித்தான் தொடங்கினாள்.

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகிற தெருவில், பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் அவளும் சாலிஹாவும் சேர்ந்து டி.டி.பி. கடை வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, ஜமாஅத் நோட்டீஸ், கும்பாபிஷேக அழைப்பு, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று வருகிற வேலை எதையும் விடுவதில்லை. சாலிஹா பெரியபட்டினத்துக்காரி. சின்ன வயதிலேயே வாப்பாவை இழந்தவள். மாமா கௌஸ் முகைதீன்தான் கடலுக்குப் போய் அவளைப் படிக்கவைத்து ஆளாக்கினார். உமையாளுக்குத் திருப்புல்லாணிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அவளுடைய அய்யா முனியசாமி, சேதுராமன் வீட்டு மிளகாய்க் காட்டில் பண்ணை வேலை பார்த்தவர்.

அந்தச் சேதுராமனைத்தான் அவள் பழிவாங்கினாள்.

சேதுராமன் கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருஷம் மூத்தவன். அப்போதெல்லாம் நல்லவனாகத்தான் இருந்தான். சென்னையில் வேலைக்குப் போனபின், சிலர் சேர்ந்து இலவசமாக உருவாக்கிய ‘சோழி’ என்ற கணினி மொழியில் அவனும் ஒரு முக்கியஸ்தன் ஆனான். ஊருக்கு வந்தபோது உமையாளுக்கும் அதை ஒரு சி.டி.யில் கொண்டுவந்து கொடுத்தான். சோழியைக் கணினியில் ஏற்றும்போது கூடவே சில நூறு கருவிகளும் வந்து இறங்கும். அந்தத் தொகுப்பைத்தான் ஸ்டாண்டர்டு லைப்ரரி என்பார்கள். அதில் இல்லாத எதுவும் வெளியார் கருவி. வேண்டுமென்றால் இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

உமையாள் எழுதியது அப்படியொரு வெளியார் கருவி. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்துவைத்த பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும். கடையில் பத்து வருஷத்துக் கோப்புகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவில். ‘கெ’ என்று அடிக்கப் பழைய முறையில் முதலில் கொம்பைத் தட்டி அப்புறம் க தட்ட வேண்டும். யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். இதை ஒழுங்குபடுத்தவே அவளுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. கருவிக்குக் ‘கொம்பு’ என்றே பெயர் வைத்தாள்.

“நீ முடிச்சு அனுப்பு உமையா. ஸ்டாண்டர்டு லைப்ரரிக்குள்ள கொண்டாறது என் பொறுப்பு” என்று சேதுராமன் போனில் சொல்லியிருந்தான்.

2007 ஜூலையில் அனுப்பினாள். மூன்றாவது நாள், சோழிக்காரர்கள் முந்நூறு பேர் படிக்கிற மின்னஞ்சல் குழுவில் அவன் பதில் வந்தது.

“வெளியார் கருவிகளை ஸ்டாண்டர்டு லைப்ரரியில் சேர்ப்பது நம் கொள்கை அல்ல. எழுதியவர் நாளைக்கு விலகிப்போனால் யார் பராமரிப்பது? அதிலும் இது, முறையான குழு எதுவும் இல்லாமல் ஒரு டி.டி.பி. கடையில் உட்கார்ந்து எழுதப்பட்டது. சகோதரியின் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம்.”

முந்நூறு பேர் படித்தார்கள். இரண்டு பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். அவன் சொன்ன காரணத்தில் நியாயம் இருப்பது உமையாளுக்கும் தெரிந்தது. நியாயம் இருந்ததால்தான் இன்னும் கூடுதலாக எரிந்தது. போனில் ஒன்று சொல்லிவிட்டு ஊர் முன்னால் வேறொன்று சொன்னவனிடம், “ஏண்ணே இப்படிச் செஞ்சீக” என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. அவன் வீட்டுக் காட்டில் அய்யா வேலை பார்த்த பழக்கம் அவள் நாக்கிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தாள். கொம்பில் ஒரு பிழை மிச்சம் இருந்தது. பழைய எழுத்துருவில் ‘கௌ’ என்று அடிக்க, கொம்பு, க, ள என்று மூன்று விசை தட்ட வேண்டும். ஔகாரத்தின் வாலுக்கும் ள என்ற எழுத்துக்கும் அங்கே ஒரே விசை. கொம்பு அதை எப்போதும் ள என்றே எடுத்துக்கொண்டது. ‘கௌ’ என்று வரவேண்டிய இடத்தில், கெ ஒன்று, ள ஒன்று என இரண்டு எழுத்தாகப் பிரித்து வைத்தது. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. உமையாள் ஆகஸ்டில் இதைச் சரிசெய்துவிட்டாள். சரிசெய்ததை வெளியே விடவில்லை. தன் கம்ப்யூட்டரிலேயே பூட்டி வைத்தாள்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் அதே குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. சோழியின் அடுத்த பதிப்பில் ‘எழுத்துமாற்றி’ என்ற புதிய கருவியை ஸ்டாண்டர்டு லைப்ரரியில் சேர்க்க உத்தேசம், எழுதியவர் சேதுராமன், கருத்துச் சொல்லுங்கள்.

உமையாள் இறக்கிப் பார்த்தாள். பத்து வரி படிப்பதற்குள் அது தன் கொம்புதான் என்று தெரிந்துவிட்டது. பெயர்களை மாற்றியிருந்தான். வரிசையைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளியிருந்தான். ஆனால் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் எழுதிவைத்த நாற்பது சோதனைச் சொற்களை மாற்ற மறந்துவிட்டான். குண்டு மிளகாய், களைக்கொத்தி, அவள் அம்மா பேர் பஞ்சம்மாள், ‘கருவேலங்காட்டூ’ என்று அவள் அவசரத்தில் தப்பாக அடித்துத் திருத்தாமல் விட்ட ஒரு சொல். எல்லாம் அப்படியே இருந்தன.

சாலிஹாவும் பார்த்தாள்.

“விடாதடி. இப்பவே குழுவுல எழுது. முந்நூறு பேருக்கும் தெரியட்டும், இவன் யோக்கியதை.”

“எழுதுனா என்ன ஆகும்?”

“மானம் போகும்.”

“ஒரு வாரம் போகும். தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்கன்னு ஒரு வரி எழுதுவான். கீழ எம்பேரயும் போட்டுட்டு, வேலையப் பாத்துட்டுப் போயிருவான்.” உமையாள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பழைய கொம்பத்தான் எடுத்திருக்கான்.”

“பழசுன்னா?”

“ஒண்ணுமில்ல. நீ நோட்டீஸ முடி.”

அந்த இடத்தில் அவள் சாலிஹாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குழுவில் இரண்டு வாரம் வாதம் நடந்தது. சிங்கப்பூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பொன்னுச்சாமி என்று பேர், இதைச் சேர்க்கவே கூடாது என்று நின்றார். “வெளியே இருக்கிற கருவியில் பிழை இருந்தால் நாளைக்கே திருத்தி வெளியிடலாம். உள்ளே போய்விட்டால் அடுத்த பதிப்பு வரும்வரை இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆயிரம் பேர் அந்தப் பிழையை நம்பி வேலை செய்திருப்பார்கள். திருத்தினால் அவர்களுடைய வேலை கெடும். உள்ளே போகிற கருவி உறைந்துபோகிறது” என்று எழுதினார். பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். சேதுராமன் தடுமாறினான். வெளியார் கருவி கூடாது என்று போன வருஷம் அவனே பேசியதை எடுத்துப்போட்டு ஒருவர் கேட்டார். “இது வெளியார் கருவி இல்லை, குழுவுக்குள் எழுதியது” என்று பதில் சொன்னான்.

உமையாளின் கடிதம் அப்போதுதான் போனது.

இன்டர்நெட் எல்லோருக்கும் எட்டிவிடவில்லை என்று தொடங்கினாள். முதுகுளத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு சி.டி., அவ்வளவுதான், அந்தச் சி.டி.யில் இல்லாத கருவி அந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. தமிழைத் தமிழாக வாசிக்கிற கருவியை வெளியே நிறுத்திவைப்பது, வீட்டைக் கட்டிவிட்டு வாசலை அடுத்த தெருவில் வைப்பது மாதிரி. ஆகவே எழுத்துமாற்றி உள்ளே வரவேண்டும். அந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. அவள் மனசார நம்பியதைத்தான் எழுதினாள். கடைசியில் ஒரு நிபந்தனையும் போட்டாள். அலுவலகங்கள் இதை நம்பிப் பெயர்களையும் ஆவணங்களையும் மாற்றி வைக்கும். இன்று ஒரு மாதிரியும் நாளை ஒரு மாதிரியும் மாற்றினால் குழப்பம். எனவே இது தரும் விடை ஐந்து வருஷத்துக்கு ஓர் எழுத்துக்கூட மாறாது என்று, பராமரிப்பாளர் தன் பேரில் உறுதிமொழி கொடுக்க வேண்டும்.

சேதுராமன் அன்றைக்கே கொடுத்துவிட்டான். ‘பெருந்தன்மையோடு ஆதரித்த சகோதரி உமையாளுக்கு நன்றி’ என்றும் எழுதினான். ஓட்டெடுப்பில் எழுத்துமாற்றி உள்ளே போனது. அவன் ஸ்டாண்டர்டு லைப்ரரிக்கே தலைமைப் பராமரிப்பாளர் ஆனான். சென்னைப் பத்திரிகை ஒன்றில் அவன் படம் வந்தது. அதைக் கத்தரித்துத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள் உமையாள். அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேலை நன்றாக ஓடியது.

ஒரு வருஷம் காத்திருந்தாள். பிழை வெளிப்பட்டு நாலு பேர் அவனைக் கேள்வி கேட்பார்கள், திருத்தவும் முடியாமல் விடவும் முடியாமல் முழிப்பான் என்பதுதான் அவள் கணக்கு. அந்தப் பிழை எங்கே போய் யாரைத் தொடும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டாம் என்று இருந்தாள் என்பதுதான் சரி.

2009 பிப்ரவரி. அக்கரையில், இலங்கையில், சண்டை உச்சத்தில் இருந்தது. பம்பாய்ச் சம்பவத்துக்குப் பிறகு கடலில் கெடுபிடி வேறு. கரையோர மீனவர்களுக்கெல்லாம் அடையாள அட்டை கொடுக்கப் பெயர் எடுத்தார்கள். அட்டை வரும்வரை ஒரு தற்காலிகச் சீட்டு. அதில் நம்பர் கிடையாது, பெயர் மட்டும்தான். கடலில் மறித்தால் சீட்டில் உள்ள பெயரை வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். கரையில் ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, பட்டியலில் உண்டு, இல்லை என்பார். பட்டியலைத் தயார் செய்த ஒப்பந்தக்காரர், மீனவர் சங்கங்களின் பழைய கோப்புகளைச் சோழியில் இருந்த எழுத்துமாற்றியை வைத்துத்தான் மாற்றினார். ஸ்டாண்டர்டு லைப்ரரியில் இருக்கிற கருவியை யார் சந்தேகப்படுவார்கள்?

கௌஸ் முகைதீன் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் தன் வத்தையில், அந்தச் சின்னப் படகில், தனியாகப் போனார். ரோந்துப் படகு மறித்தது. சீட்டைக் காட்டினார். கரையிலிருந்து, அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தது.

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான்: நீ யார், எந்தக் கரை, அந்தப் பக்கம் யாரைப் பார்க்கப் போனாய். அறுபது வயதுக்காரர், சர்க்கரை உள்ளவர். வேளைக்கு மாத்திரை இல்லை. இழுத்து வரும்போது கயிறு அறுந்து, வத்தை முயல்தீவுப் பக்கம் பவளப்பாறையில் மோதி அடிப்பலகை பிளந்து போனது.

சாலிஹா சங்க அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் அவள் கண் முன்னாலேயே ‘கௌஸ்’ என்று தட்டினார். இல்லை. பட்டியலைத் தாளில் அச்செடுத்துக் காட்டினார். பதினேழாவது பெயராக அங்கே இருந்தது. தாளில் இருக்கிற ஆள் கம்ப்யூட்டரில் இல்லை. சாலிஹா பத்து வருஷம் தட்டச்சு செய்தவள். அந்தப் பெயருக்கு நடுவே கர்சரை வைத்து ஒரு எழுத்தை அழித்துப் பார்த்தாள். ‘ள’ மட்டும் அழிந்து ‘கெ’ தனியாக நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கௌஸ், தௌபீக், பௌசியா, சௌந்தரம், கௌரி என்று பட்டியலில் முந்நூற்றுச் சொச்சம் பேர் அப்படி இருந்தார்கள்.

மாமாவை வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, மறுநாள் காலை கடைக்கு வந்து உமையாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“எழுத்துமாற்றிதான் உமையா. அவந்தான்.”

உமையாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கடிதம் ஒரு வருஷமாகத் தயாராக இருந்தது. பெரியபட்டினத்தில் நடந்ததை மட்டும் மேலே சேர்த்தாள். சேதுராமனின் திருட்டு, சோதனைச் சொற்கள் நாற்பதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி வாரியாக. அவன் கொடுத்த உறுதிமொழி. பிழை எங்கே இருக்கிறது, ஏன் அவனால் அதைத் திருத்தக்கூட முடியாது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தப் பொத்தானையும் அழுத்தியதில்லை.

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள் சாலிஹா.

“இதென்ன, ஆகஸ்டு ரெண்டாயிரத்து ஏழு?”

“என்னது?”

“இந்தப் பிழையை நான் ஆகஸ்டு 2007லயே திருத்திவிட்டேன்னு எழுதியிருக்க.”

உமையாள் கடிதத்தைத் திரையிலிருந்து மூடினாள்.

“அப்ப, உனக்குத் தெரியும்.”

“அவன் மாட்டணும்னுதான்…”

“எம் மாமா பேருல கௌ இருக்குன்னு உனக்குத் தெரியாதா? எத்தன தடவ அந்தப் பேர நீயே அடிச்சிருக்க. எங் கல்யாணப் பத்திரிகையில அடிச்சது நீதான?”

“இப்படி ஆகும்னு நான் நெனைக்கலடி.”

“அவன் உன் வேலையத் திருடுனான். திருடுனதுல வெசம் இருக்குன்னு தெரிஞ்சே, ஊருக்கெல்லாம் பந்தி போடுங்கன்னு சொன்னது நீ.” சாலிஹா சத்தம் போடவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “நான் போறேன்.”

சேதுராமன் ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ரயிலில் வந்தான். நேராகக் கடைக்கு மாடியேறினான். இரண்டு நாள் தூங்காத முகம். உமையாள் உட்காரச் சொல்லவில்லை. நாற்காலியை அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“தப்புத்தான் உமையா. உம்பேரப் போட்டிருக்கணும். சரி, நடந்தது நடந்துபோச்சு. திருத்துனத கொடு. நாளைக்கே வெளியிட்டுருவோம், ரெண்டு பேர் பேருலயும்.”

“மாத்த முடியாதே. அஞ்சு வருசம் ஓர் எழுத்து மாறாதுன்னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீக.”

“அதை நீதான கேட்ட?”

“ஆமா.”

 அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“அப்ப அந்த லெட்டரு?”

“ஆதரவு லெட்டரு. நன்றின்னு பதில் போட்டீகளே.”

“ஏன் உமையா இப்படி? ஒரே ஊருக்காரங்க நாம. உங்கய்யா எங்க காட்டுல…”

“அந்தக் காட்டுல வெளஞ்சது உங்களுது. அதுல எங்கய்யா ஒருநாளும் பங்கு கேக்கல. இது என் வேலை. இது உங்க காட்டுல வெளையல.” அவள் எழுந்து நின்றாள். “திருத்துன கொம்பு இன்னைக்கு வெளிய வரும், எம்பேருல. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிரலாம், ஸ்டாண்டர்டு லைப்ரரியத் தவிர. நீங்க சொன்னதுதான். அது வெளியார் கருவி, வெளியிலயே கெடக்கட்டும்.”

அவன் படியிறங்கிப் போகிற சத்தத்தைக் கடைசிப் படிவரை கேட்டாள். இறங்கி முடித்தபிறகு, இன்னும் நாலு படி இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த வாரமே அவன் பொறுப்பைப் பறித்தார்கள். எழுத்துமாற்றியை நீக்கவும் முடியவில்லை. அதை நம்பி எத்தனையோ அலுவலகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ‘எழுதியவர்: சேதுராமன். இதில் பிழை உள்ளது, பயன்படுத்த வேண்டாம்’ என்று கையேட்டில் ஒரு வரி மட்டும் சேர்த்தார்கள். சோழியை ஏற்றுகிற ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்த வரியும் போய் இறங்கியது.

உமையாள் திருத்திய கொம்பை ஒரு சி.டி.யில் போட்டுக்கொண்டு பெரியபட்டினத்துக்கு பஸ் ஏறினாள். சங்க அலுவலகத்தில் சாலிஹா தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கௌஸ் முகைதீன் உமையாளைப் பார்த்ததும் எழப் போனார்.

“வாம்மா. இங்கன உக்காரு. டீ சொல்லவா?” அவருக்கு எதுவும் தெரியாது. சாலிஹா சொல்லியிருக்கவில்லை.

“மாமா, ஒடம்பு எப்படி இருக்கு?”

“இருக்கேம்மா. வத்தைதான் போச்சு. எம்பேரு இல்லங்கிறான் அவன். அறுவது வருசமா இருக்கிற பேரு.” அவர் சிரிக்க முயன்றார். “நீங்கள்லாம் படிச்ச புள்ளைக. ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லேன்.”

உமையாள் சொல்ல வாயெடுத்தாள். கொம்பு, வால் என்று ஏதோ ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிட்டு எழுந்து சாலிஹாவிடம் போனாள்.

“இதுல போட்டா ஒரு நிமிசத்துல எல்லாப் பேரும் சரியாயிரும்” என்று சி.டி.யை நீட்டினாள்.

சாலிஹா தலைதூக்கவில்லை. “எம்பத்தி ரெண்டு முடிச்சுட்டேன். மிச்சத்தயும் முடிச்சிருவேன்.”

“எதுக்குடி கையில கஷ்டப்படுற?”

“கையில அடிச்சா, எந்தப் பேர எப்படி அடிச்சேன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தாள். சௌந்தரம். அடித்தாள்.

ஜூன் மாதம் சிங்கப்பூர்ப் பொன்னுச்சாமி உமையாளுக்குத் தனியாக எழுதினார். குழு கூடிப் பேசியதாகவும், கொம்பை அவள் பெயரிலேயே ஸ்டாண்டர்டு லைப்ரரிக்குள் எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், உறுதிமொழியை ரத்து செய்து எழுத்துமாற்றியை அடியோடு நீக்கிவிடலாம் என்றும், அவள் சம்மதம் மட்டும் போதும் என்றும் சொல்லியிருந்தார். முதுகுளத்தூர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் எழுதியதைத் தான் மறக்கவில்லை என்றும், அந்த விஷயத்தில் அவள் சொன்னதே சரி என்று இப்போது நினைப்பதாகவும் இருந்தது.

அந்தக் கடிதத்தை இரண்டு நாள் திறந்து திறந்து படித்தாள். ஒரு சி.டி., ஒரு கம்ப்யூட்டர், அந்தப் பிள்ளைகள். கொம்பு உள்ளே போனால் அவர்களுக்கு நல்லது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே போனால் சேதுராமன் பேர் போட்ட அந்த ஒரு வரி கையேட்டிலிருந்து போய்விடும்.

மூன்றாம் நாள் பதில் எழுதினாள். “எழுத்துமாற்றி அங்கேயே இருக்கட்டும். ஐந்து வருஷத்தில் ஒன்றுதான் முடிந்திருக்கிறது.”

அனுப்பிவிட்டுத் திரும்பியபோது வாசலில் ஒருவர் ஜமாஅத் நோட்டீஸோடு நின்றிருந்தார். சாலிஹா இல்லையா என்று கேட்டார். இல்லை, நான் அடித்துத் தருகிறேன் என்றாள். பரவாயில்லை, சாலிஹா புதுக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள், எங்கே என்று விசாரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.